ஜகார்த்தா போகும் தங்கச்சிக்கு: பலகாரமும் பஹாசாவும்

தங்கச்சி, மாப்பிள்ளைக்கு ஜகார்த்தா மாற்றல் உறுதியானதிலிருந்து நீ என்னிடம் கேட்பது இரண்டே கேள்வி. பிள்ளைகள் அந்த ஊர்ப் பேச்சான பஹாசாவை எப்படிப் பிடிப்பார்கள்? அங்கே தெருவுக்குத் தெரு விற்கும் தின்பண்டங்களிலிருந்து அவர்களை எப்படிக் காப்பது? இத்தனை வருஷம் நீ வரப்போகும் இந்த நாட்டிலேயே பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், இந்த ஊர்ப் பலகாரம் ஏதாவது ஒன்றைப் பிள்ளைகள் கையால் செய்ய வை. நீ பக்கத்தில் நின்றால் போதும்.

ட்யூஷன் வைப்பது உன் இஷ்டம். ஆனால் மேஜை, நாற்காலி, ஜன்னல் என்று பெயர்களை மனப்பாடம் செய்த பிள்ளை, பக்கத்து வீட்டுக் குழந்தைகளோடு விளையாடப் போனால் வாய் திறக்காது. கொடு, பிடி, மெதுவா, இன்னும் ஆகலை, போதும், எனக்கும் ஒண்ணு என்று சொல்லத் தெரிந்த பிள்ளை அரை மணியில் கூட்டத்தோடு கலந்துவிடும். இந்தச் சொற்கள் எல்லாம் ஓயாமல் புழங்கும் இடம் அடுப்படி.

ஏன் அடுப்படி

பஹாசாவில் ஏவலுக்குப் பெரும்பாலும் ஒட்டு கிடையாது. வேர்ச்சொல்லே ஏவல். 'கூபாஸ்' என்றால் தோலை உரி. 'போட்டோங்' நறுக்கு. 'ஆடுக்' கிளறு. 'பாருட்' துருவு. 'ரெபுஸ்' தண்ணீரில் அவி. 'குக்குஸ்' ஆவியில் வேகவை. 'புங்குஸ்' பொட்டலமாக மடி. வா, போ, தா என்பது போல அவ்வளவுதான்.

இதே சொற்கள் வாக்கியத்தில் வரும்போது முன்னால் 'மெ' வந்து ஒட்டிக்கொண்டு, பல நேரம் முதல் எழுத்தையே விழுங்கிவிடும். போட்டோங் 'மெமோட்டோங்' ஆகிவிடும். குக்குஸ் 'மெஙுக்குஸ்' ஆகிவிடும். வடிகட்டு என்ற 'சாரிங்', 'மெஞாரிங்' ஆகிவிடும். சமையல் புத்தகத்திலோ 'டி' ஒட்டி டிபோட்டோங், டிகுக்குஸ் என்று நிற்கும். பெரியவர்கள் வகுப்பில் போய்த் திணறுவது இந்த இடத்தில்தான். பிள்ளைகளுக்கு வேர்ச்சொல் கைவேலையோடு சேர்ந்து முதலில் பதிந்துவிட்டால், பின்னால் அது எந்த வேஷத்தில் வந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே இந்த விதியை நீ அவர்களுக்கு விளக்காதே. கையில் துருவியைக் கொடுத்து 'பாருட்' என்று மட்டும் சொல். அந்தத் துருவியின் பெயர் 'பாருட்டான்'. வடிகட்டி 'சாரிஙான்'. அச்சு 'செட்டாக்கான்', அச்சில் போடு என்பது 'செட்டாக்'. வேலையின் பெயரிலிருந்து கருவியின் பெயர் வருவதைப் பெரியவள் தானே கவனித்து உன்னிடம் வந்து சொல்வாள். அவள் சொல்லும்வரை காத்திரு.

எனக்கே பஹாசா தெரியாதே, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நினைப்பாய். நீ சொல்லிக்கொடுக்க வேண்டாம். வீட்டு வேலைக்கு உதவ வருபவரையோ, எதிர்வீட்டு 'இபு'வையோ அன்று அடுப்படிக்குத் தலைவியாக்கிவிடு. நீயும் பிள்ளைகளோடு சேர்ந்து அவர் சொன்னபடி செய். அம்மாவும் தப்புத் தப்பாகப் பேசுகிறாள் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்குக் கூச்சம் பாதி போய்விடும். உதவ வருபவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட விடாதே. இளவயதுப் பெண் என்றால் 'ம்பாக்', அதாவது அக்கா. வயதானவர் என்றால் 'இபு', சுருக்கமாக 'பு'. ஆண்களுக்கு 'மாஸ்', பெரியவர்களுக்கு 'பாபாக்', சுருக்கமாக 'பாக்'. கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால். இது நம் வீட்டிலும் உள்ள வழக்கம்தான், புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

அவர் ஜாவாக்காரராக இருந்தால் இடையிடையே ஜாவா மொழியும் கலந்து வரும். பதறாதே. 700க்கு மேல் மொழிகள் உள்ள நாடு இது. இங்கே பலருக்கு வீட்டில் ஒரு மொழி, வெளியில் பஹாசா. பலகாரப் பெயரே ஊருக்கு ஊர் மாறும். காய்கறி போட்டுப் பொரிக்கும் 'பக்வான்' பண்டுங்கில் 'பாலா-பாலா', சுரபாயாவில் 'ஓட்டே-ஓட்டே', மாலாங்கில் 'வெச்சி'. ஜாவாவில் 'ஓண்டே-ஓண்டே' கேட்டால் எள் ஒட்டிப் பொரித்த, உள்ளே பயற்றம்பூரணம் வைத்த உருண்டை வரும். சுமத்ராவில் மினாங்காரர்களிடம் அதே பெயரைச் சொன்னால் பச்சை நிறத்தில் தேங்காய்ப்பூ புரட்டிய வேறொரு உருண்டை வரும். பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் ரொம்பப் பிடிக்கும்.

முதல் மாதம் மாவைத் தொடாதே

இந்த ஊர்ப் பலகாரம் என்றதும் எல்லாரும் வண்ண வண்ணமான 'குவே'க்குத்தான் ஓடுவார்கள். சந்தைப் பலகாரம் என்று பொருள்படும் 'ஜஜானான் பசார்' வகையறாவை மூங்கில் சுளகில் வாழையிலை விரித்து அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். நீ அங்கே தொடங்காதே. இந்த ஊர்க்காரர்கள் எந்நாளும் தின்னும், யாரும் படம் எடுத்துப் போடாத பலகாரம் ஒன்று உண்டு. அவித்த நிலக்கடலை, அவித்த சர்க்கரைவள்ளி, அவித்த சோளம், அவித்த வாழைப்பழம். மாலையில் தள்ளுவண்டியில் ஆவி பறக்க வரும். என்னைக் கேட்டால் இந்த நாட்டின் ஆகச் சிறந்த சிற்றுண்டி இதுதான். எண்ணெய் இல்லை, சர்க்கரை இல்லை, மெல்ல நேரம் எடுக்கும், வயிறு நிறையும்.

சின்னவனுக்கு நாலு வயது. அவனிடம் கிழங்கைக் கழுவும் வேலையைக் கொடு. 'சூச்சி' என்றால் கழுவு. கடலையைக் கழுவி எண்ணிப் போடச் சொல்: சாத்து, டுவா, தீகா, எம்பாட், லீமா. பானை வைத்ததும் அவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "சூடா மாத்தாங்?" வெந்தாச்சா என்று அர்த்தம். நீ சொல்ல வேண்டிய பதில்: "பெலும்." இன்னும் இல்லை. ஆச்சு, இன்னும் இல்லை என்ற இந்த 'சூடா'வும் 'பெலும்'மும் இல்லாமல் பஹாசாவில் ஒரு நாளும் கழியாது. சாப்பிட்டாயா, குளித்தாயா, ஏன் கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்விக்குக்கூட இந்த இரண்டில் ஒன்றுதான் பதில். பானைக்கு முன்னால் நின்று அவன் ஐம்பது தடவை கேட்பான். கேட்கட்டும். வேறெந்தப் பாடத்தில் ஒரே வாக்கியத்தை ஐம்பது தடவை அலுக்காமல் சொல்வான்? ஒன்று மட்டும், நாலு வயதுப் பிள்ளைக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும். அவனுக்கு மசித்துக் கொடு, எண்ணுகிற வேலை மட்டும் அவனுடையது.

அடுத்தது பச்சைப்பயற்றுக் கஞ்சி, 'புபுர் காச்சாங் ஹிஜாவ்'. இங்கே ஒவ்வொரு குடியிருப்பிலும் மாதம் ஒரு முறை 'போஸ்யாண்டு' என்ற தாய்சேய் நல மையம் கூடும். குழந்தைகளை எடை போட்டு, தடுப்பூசி போட்டு, கையில் ஒரு கிண்ணம் பயற்றங்கஞ்சி கொடுத்தனுப்புவது நெடுநாள் வழக்கம். ஆகவே இந்தக் கஞ்சி உன் பிள்ளைகளின் வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்கும். இதற்கு இந்த ஊர் வீடுகளில் 5-30-7 என்று ஒரு கணக்கு உண்டு. கழுவிய பயற்றைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு 5 நிமிஷம். அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் 30 நிமிஷம். மறுபடி பற்றவைத்து 7 நிமிஷம். பயறு மலர்ந்துவிடும், கேஸும் மிச்சம். கடிகாரத்தைப் பார்த்து 'லீமா மெனிட், தீகா புலூ மெனிட், தூஜூ மெனிட்' என்று அறிவிக்கும் வேலை பெரியவளுக்கு. இஞ்சித் துண்டும் ரம்பை இலையும் முதலிலேயே போடலாம். இனிப்பு கடைசியில்தான், முன்னாலேயே போட்டால் பயறு வேக அடம்பிடிக்கும். தேங்காய்ப்பாலும் கடைசியில்தான், கொதிக்க விட்டால் திரிந்துவிடும்.

கிளெப்போன் நாள்

ஒரு மாதம் இப்படி ஓடிய பிறகு கிளெப்போனுக்கு வா. சுமத்ராவின் பச்சை உருண்டை என்றேனே, அதுவே ஜாவாவில் கிளெப்போன். பிள்ளைகளோடு செய்ய இதைவிட நல்ல பலகாரம் எனக்குத் தெரிந்து இல்லை. பிசைவது, உருட்டுவது, நடுவில் ஒளித்துவைப்பது, காத்திருப்பது, புரட்டுவது என்று எல்லா வேலையும் பிள்ளைகளின் கைக்கு அடங்கும்.

ஒட்டரிசி மாவு 200 கிராம். கடையில் 'தெபுங் கெத்தான்' என்று பார்த்து வாங்கு. 'தெபுங் பெராஸ்' நம் பச்சரிசி மாவு, அதில் கிளெப்போன் வராது. 'தெபுங் காஞ்சி' என்று எழுதியிருப்பது மரவள்ளி மாவு. பெரியவள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள் அல்லவா, கடையில் சரியான பொட்டலத்தை எடுப்பது அவள் பொறுப்பு. ஒரு நாள் மாற்றி எடுத்தாலும் குறுக்கிடாதே. அன்றைக்கு உருண்டை உடையும், அதற்குப்பின் அந்தச் சொல்லை அவள் மறக்க மாட்டாள்.

மாவில் சிட்டிகை உப்பு. ரம்பை இலை அரைத்து வடிகட்டிய வெதுவெதுப்பான நீர் 150 மில்லி வரை, கொஞ்சம் கொஞ்சமாக. காதுமடல் பதம் வரும்வரை பிசையட்டும். நடுவில் வைக்கச் சீவிய கருப்பட்டி 100 கிராம். ஜாவாவில் தென்னையிலிருந்து எடுப்பதும் உண்டு, 'ஆரென்' என்ற ஒருவகைப் பனையிலிருந்து எடுப்பதும் உண்டு, ஆரென் கருப்பட்டிக்கு வாசனை அதிகம். அரை மூடித் தேங்காய்க்குக் கொஞ்சம் கூடுதலாகத் துருவல் எடுத்து, சிட்டிகை உப்புப் போட்டு ஐந்து நிமிஷம் ஆவியில் வைத்துவிடு. இந்த ஊர்ப் புழுக்கத்தில் பச்சைத் துருவல் மாலைக்குள் ஊசிப்போகும்.

ஒரு உருண்டை, நடுவில் குழி, அதில் கருப்பட்டி, மூடி மறுபடி உருட்டு. விரிசல் இருந்தால் தண்ணீரில் கருப்பட்டி கரைந்து ஓடிவிடும் என்பதால் பிள்ளைகளே உன்னிப்பாகப் பார்ப்பார்கள். 'புலாட்' என்றால் உருண்டை. 'கெச்சில்' சின்னது. 'புலாட்-புலாட்', 'கெச்சில்-கெச்சில்' என்று இரட்டித்தால் உருண்டை உருண்டையாக, சின்னச் சின்னதாக. நாமும் இரட்டித்துத்தான் பேசுகிறோம், அதனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும். கொதிக்கும் தண்ணீரில் போடுவது மட்டும் உன் கை. போட்டதும் மூழ்கும், 'தெங்கெலாம்'. வெந்ததும் மேலே வரும், 'மெஙாப்புங்'. சின்னவன் ஒவ்வொன்று மேலே வரும்போதும் கூவுவான். மிதந்த பிறகு ஒரு நிமிஷம் விட்டு எடுத்து, தேங்காய்ப்பூவில் புரட்டு.

இனி எச்சரிக்கை. உள்ளே உருகிய கருப்பட்டி நாக்கைச் சுட்டுவிடும், பத்து நிமிஷமாவது ஆற வேண்டும். ஒட்டரிசி உருண்டை சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் அடைக்கும். சின்னவனுக்கு நாலாக வெட்டிக் கொடு, உட்கார்ந்து தின்னட்டும், ஓடிக்கொண்டே தின்னக்கூடாது. முழுசாக வாயில் போட்டு உள்ளே வெடிக்க விடும் சுகம் பெரியவளுக்கு மட்டும். 'கெஞால்' என்றால் சவ்வு போல இழுபடுவது, 'கெஞாங்' என்றால் வயிறு நிறைந்தது. இரண்டையும் மாற்றிச் சொல்லி வீடே சிரிக்கும்.

உச்சரிப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ங, ஞ இரண்டையும் நாம் அரிச்சுவடியில் படித்ததோடு சரி, தனியாக எங்கே பயன்படுத்துகிறோம்? பஹாசாவில் இவை நடுநாயகம். மாம்பழம் 'மங்கா', பூ 'புஙா'. முன்னதில் நம் 'ங்க' உண்டு, பின்னதில் வெறும் 'ஙா'. நம் பிள்ளைகளுக்கு இது எளிது. கஷ்டம் வேறிடத்தில். டுவா என்றால் இரண்டு, துவா என்றால் முற்றியது. தேங்காய்க்காரரிடம் "கெலாப்பா துவா" என்றால் பாலெடுக்கும் முற்றல் தேங்காய். "டுவா கெலாப்பா" என்றால் இரண்டு தேங்காய். 'காராம்' என்று யாராவது கேட்டால் மிளகாய்ப்பொடியைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், அது உப்பு. முதல் எழுத்தை 'கங்கை'யில் வரும் இரண்டாவது 'க' மாதிரி சொல்ல வேண்டும். காரத்துக்கு 'பெடாஸ்'.

நிறம்

சந்தையில் சில பலகாரங்கள் கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறத்தில் இருக்கும். இந்த நாட்டு உணவு மருந்துக் கண்காணிப்பு அமைப்பு, துணிக்குப் போடும் ரோடமின் பி சாயம், மெத்தனில் மஞ்சள், போராக்ஸ், ஃபார்மலின் ஆகியவற்றை உணவில் கலக்கத் தடை விதித்திருக்கிறது. ஆனாலும் தள்ளுவண்டிப் பண்டங்களைச் சோதிக்கும்போது அவ்வப்போது அகப்படுகிறது. பிள்ளைகளுக்கு இதைப் பயமுறுத்திச் சொல்லாதே. நிறம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கையால் செய்து பார்த்த பிள்ளை, மிளிரும் ரோஸைக் கண்டதும் தானாகவே சந்தேகப்படும்.

பச்சைக்கு 'சூஜி' இலை, வாசனைக்கு ரம்பை இலை. இரண்டையும் சேர்த்து அரைப்பதுதான் இந்த ஊர் முறை, ரம்பையில் மட்டும் நிறம் வெளிறிப்போகும். மஞ்சளுக்கு மஞ்சள்தான். ஊதாவுக்கு ஊதா வள்ளிக்கிழங்கு. நீலத்துக்குச் சங்குப்பூ, இங்கே 'புஙா தெலாங்' என்பார்கள், வேலியிலேயே படர்ந்திருக்கும். பத்துப் பூவை வெந்நீரில் போட்டால் நீலம் இறங்கும். அதில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடச் சொல், ஊதாவாக மாறும். 'பீரு' நீலம், 'உஙு' ஊதா. இந்த ஒரு வித்தைக்காகவே பக்கத்து வீட்டுக் குழந்தைகள் உன் வீட்டுக்கு வரும். பிள்ளைக்குப் பேச்சுத்துணை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்.

இன்னும் இரண்டு பலகாரம்

ரொம்பப் பெருக்க வேண்டாம். கெத்துக்கும் நாகசாரியும் போதும். மாகெலாங் என்ற மத்திய ஜாவா ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது 'கெத்துக்'. மரவள்ளிக்கிழங்கை ஆவியில் வேகவைத்து, நடு நரம்பை எடுத்து, சூடாக இருக்கும்போதே இடித்து, கொஞ்சம் இனிப்புச் சேர்த்து, தேங்காய்ப்பூவோடு தின்பது. இடிக்கிற வேலையைக் கோபத்தில் இருக்கும் பிள்ளையிடம் கொடு. அரைக்கிலோ கிழங்குக்கு 50 கிராம் இனிப்புப் போதும், புத்தகத்தில் இரட்டிப்பாகப் போட்டிருப்பார்கள். கிழங்கைப் பச்சையாகக் கடிக்க மட்டும் விடாதே. சயனைடை உண்டாக்கும் பொருள் அதில் இருக்கிறது. தோலைத் தடிமனாகச் சீவி, தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக வேகவைத்தால் பயமில்லை. கசந்தால் தூக்கிப் போட்டுவிடு.

நாகசாரி வாழைப்பழத் துண்டைத் தேங்காய்ப்பாலில் கிண்டிய அரிசி மாவுக்குள் வைத்து, வாட்டிய வாழையிலையில் மடித்து அவிப்பது. உனக்கு இலை அடை செய்த கை, சொல்லித்தர வேண்டியதில்லை. பழம் நன்றாகக் கனிந்திருந்தால் சர்க்கரையைப் பாதியாக்கிவிடலாம். இலையை மடிப்பதில்தான் பிள்ளைகளுக்குப் பொழுது போகும்.

வாங்கப் போவதும் பாடம்தான்

காலையில் காய்கறி வண்டி தெருவுக்கே வரும். பிள்ளையிடம் பணத்தைக் கொடுத்து முன்னால் விடு. "பெராப்பா, பு?" எவ்வளவு என்று கேட்கட்டும். ஆயிரத்துக்குக் குறைந்து இங்கே பேச்சே கிடையாது, ஆகவே எண்கள் ஒரு வாரத்தில் வந்துவிடும். எண்ணுவதில் ஒரு அழகு உண்டு. ரம்பை இலை 'செலெம்பார்', ஒரு தாள். முட்டையும் தேங்காயும் 'செபுத்தீர்', ஒரு மணி. எலுமிச்சைப்புல் 'செபாத்தாங்', ஒரு தண்டு. உப்பு 'செசூபிட்', ஒரு சிட்டிகை. வாழைப்பழம் 'செசீசிர்'. சீசிர் என்றால் தலைசீவும் சீப்பு. நாமும் ஒரு சீப்புப் பழம் என்றுதானே கேட்கிறோம்! பட்டியல் போட்டுப் படித்தால் தலைவலி. ஒவ்வொன்றாகக் கையில் வாங்கினால் மறக்காது.

ஜகார்த்தாவில் செனென் என்ற இடத்தில் விடியும் முன்னரே கூடும் பலகாரச் சந்தை உண்டு. ஒரு நாள் தூக்கம் கெட்டாலும் பிள்ளைகளை அழைத்துப் போ. வாங்கித் தின்பதற்கு அல்ல, செய்து பழகியதை அங்கே கண்டுபிடித்துப் பெயர் சொல்வதற்கு. ஆளுக்கு இரண்டு, அவ்வளவுதான்.

இனிப்பைப் பற்றிக் கறாராக

கருப்பட்டி என்பதால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று நினைக்காதே. அதுவும் சர்க்கரைதான். இந்த நாட்டுச் சுகாதார அமைச்சகம் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சர்க்கரை 4 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, எண்ணெய் 5 மேசைக்கரண்டிக்கு மேல் போகக்கூடாது என்று சொல்கிறது. சர்க்கரை 50 கிராம் என்பது அந்தக் கணக்கு. பிள்ளைகளுக்கு அதுவும் அதிகம். அமெரிக்க இதயச் சங்கம் 2 வயதிலிருந்து 18 வரை 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. நம் கிளெப்போனில் 100 கிராம் கருப்பட்டியை 25 உருண்டையில் வைத்தோம் என்றால் ஒன்றுக்கு 4 கிராம். மூன்று தின்றால் 12, நாளின் பங்கில் ஏறக்குறைய பாதி போயிற்று. இந்தக் கணக்கைப் பெரியவளையே போடச் சொல். நீ "போதும்டி" என்று கத்துவதைவிட அவளே 'சூக்கூப்' என்று சொல்லிக் கையெடுப்பது மேல். சூக்கூப் என்றால் போதும்.

அதே கையோடு, குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் பாட்டில் தேநீரின் பின்பக்கத்தை அவளுக்குக் காட்டு. சத்து விவரம் என்ற கட்டத்தில் 'தாக்காரான் சாஜி' என்பது ஒரு வேளைக்கான அளவு, 'கூலா' என்பது சர்க்கரை. அதில் உள்ள கிராமை எத்தனை கிளெப்போன் என்று மாற்றிச் சொல்லட்டும். அன்றிலிருந்து கடையில் பாட்டிலைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வரும்.

கோரெஙான், அதாவது பொரித்த வகையறா, இந்த ஊரில் தப்பிக்க முடியாதது. வாழைப்பழ பஜ்ஜி, டோஃபு, தெம்பே எல்லாம் தள்ளுவண்டி எண்ணெயில் மிதக்கும். முழுக்கத் தடை போட்டால் பிள்ளைகள் ஒளிந்து தின்பார்கள். மாதம் ஒரு முறை வீட்டில் புது எண்ணெயில் தெம்பே பொரித்துக் கொடு. தெம்பே சோயாவைப் புளிக்கவைத்துச் செய்வது, புரதம் நிறைந்தது, ஆவியில் வேகவைத்தும் தின்னலாம். நீங்கள் சைவம் என்பதால் சொல்கிறேன்: ஒட்டரிசிச் சோற்றுக்குள் கோழி வைத்து இலையில் சுருட்டும் 'லெம்பெர்' பள்ளிக்கூட விழாக்களில் கட்டாயம் வரும். வீட்டில் கோழிக்குப் பதில் உதிர்த்த தெம்பே வைத்துச் செய்யலாம், பள்ளிக்குக் கட்டிக் கொடுக்க அருமை. பழத்துக்குத் தொட்டுக்கொள்ளும் ருஜாக் குழம்பில் இறால் விழுது இருக்கும், 'தெராசி' இருக்கிறதா என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்கிவிடு.

நோன்பு மாதத்தில் பகலில் அக்கம்பக்கத்துக்குப் பலகாரம் கொடுத்தனுப்பாதே. சூரியன் மறைவதற்குச் சற்று முன்னால் அனுப்பினால் நோன்பு திறக்கும் பண்டமாக அவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். வாழைப்பழமும் வள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பாலில் போட்ட 'கோலாக்' அந்த மாதத்துப் பலகாரம். பிள்ளைகள் கையில் கிண்ணத்தைக் கொடுத்து, "இனி உந்துக் இபு" (இது உங்களுக்கு) என்று சொல்லச் சொல்லி அனுப்பு. மறுநாள் கிண்ணம் வெறுமையாகத் திரும்பாது.

தமிழை விட்டுவிடாதே

பஹாசாவும் பள்ளி இங்கிலீஷும் ஏற ஏறத் தமிழ் இறங்கும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். பலகாரம் செய்த அன்று மாலை அம்மாவுக்குப் போன் போட்டு, பெரியவளை விட்டு முழுச் செய்முறையையும் தமிழில் சொல்ல வை. ஆச்சி விடமாட்டாள், "மாவு எப்படிப் பிசைஞ்ச, கெட்டியா இளக்கமா, தண்ணி எவ்வளவு" என்று குடைந்து குடைந்து கேட்பாள். துருவு, பிசை, புரட்டு, மடி என்று இல்லாத சொல்லையெல்லாம் தேடி எடுத்தாக வேண்டும். நடுவில் பஹாசாச் சொல் வந்தால் ஆச்சிக்குப் புரியாது, அதுதான் நமக்கு வேண்டியது. நீ பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்காதே.

பெட்டியில் என்ன வைப்பது என்று கேட்டாய். சுளகு, கல்லுரல், துருவி எதுவும் வேண்டாம், எல்லாம் இங்கே சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும். இட்லிச் சட்டி வேண்டுமானால் கொண்டு வா. இடியாப்ப அச்சைக் கட்டாயம் வை. ஜகார்த்தாவின் பெத்தாவி மக்கள் 'புட்டு மாயாங்' என்று ஒன்று செய்வார்கள், அரிசி மாவில் கொஞ்சம் மரவள்ளி மாவு கலந்து, நிறம் சேர்த்துப் பிழிந்து, அவித்து, கருப்பட்டி காய்ச்சிய தேங்காய்ப்பாலை ஊற்றித் தின்பது. நம் இடியாப்பம்தான், பாவாடை மாற்றியிருக்கிறது. இரண்டாவது மாதம் அதைச் செய்யலாம். அச்சைத் திருகுவதற்குச் சின்னவனுக்குப் பலம் போதாது. பித்தளை அச்சு கனமாக இருந்தால் வேண்டாம், மரப்பிடி வைத்து அமுக்குகிற அச்சாகப் பார்த்து எடுத்துக்கொள்.